வயிற்றுவலி என்று எழுதிய கை

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, சங்கத் தோழர்களே, முருகலட்சுமி சிஸ்டரின் கணவர் முத்தழகு அவர்களே, சீருடையைக்கூட மாற்றாமல் வந்து நிற்கும் செவிலியர்களே, ஊர்மக்களே! வணக்கம். மருத்துவர் பூமிநாதன் பேசுகிறேன். இந்த இரங்கல் கூட்டத்தில் அழுவதற்காக நான் எழுந்து நிற்கவில்லை. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

செவிலியர் முருகலட்சுமி எப்படி இறந்தார்? விபத்து என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். வாசலில் ஒட்டிய சுவரொட்டியிலும் அதேதான். பொய்! முழுப் பொய்!

இருபத்தோரு ஆண்டுகள் நம் அரசு மருத்துவமனையின் ஆண்கள் வார்டைத் தாங்கியவர் அவர். வலி மாத்திரையைப் போதைக்காகக் கரைத்து ஊசியில் ஏற்றிப் பழகி, கை சீழ்பிடித்து வரும் பிள்ளைகளுக்குக் கட்டுப் போட்டவர் யார்? அவர்தான். ஒரு கையை வெட்டாமல் காப்பாற்ற நாற்பது நாள் கட்டில், நாற்பது நாள் விலையுயர்ந்த மருந்து. இன்னொருவனுக்குக் கல்லீரலே போய்விட்டது. கட்டில் இல்லாமல் டெங்குக் காய்ச்சல்காரர்கள் தரையில் படுத்தார்கள். இத்தனையும் உங்கள் வரிப்பணம். ஆனால் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். போதை நோயாளி எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! எல்லாம் வயிற்றுவலி!

எழுதியது யார்? நான். இந்தக் கைதான்.

பெற்றோர் காலில் விழுவார்கள். கல்யாணம் நின்றுபோகும், வெளிநாட்டு வேலை போய்விடும் என்பார்கள். நானும் பெரிய மனசு பண்ணுவதாக நினைத்து எழுதிக் கொடுப்பேன். சிஸ்டர் மட்டும் விடமாட்டார். ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்: “ஏன் சார், வயித்துவலிக்காரனுக்கு முழங்கையில இத்தனை ஊசித் தழும்பு எங்கன இருந்து வந்துச்சு?” வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கம் கெட்டவன்.

இந்த ஊசியால் மூச்சு அடங்கினால் கொடுக்க ஒரு மாற்று மருந்து உண்டு. அதையும், பத்துக் கட்டிலோடு ஒரு தனி வார்டையும் கேட்டு மூன்று முறை அவரே மனு எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினார். மேலிடத்திலிருந்து வந்த பதில் என்ன தெரியுமா? பதிவேட்டின்படி நோயாளிகள் இல்லை. எனவே தேவை எழவில்லை. நேரில் வந்து எட்டிப் பார்க்க ஓர் அதிகாரிக்கும் நேரமில்லை.

போன செவ்வாய்க்கிழமை மதியம், மாரிச்செல்வம் என்ற இருபத்திரண்டு வயதுப் பையனை அவன் அப்பா செல்லச்சாமி தூக்கிவந்தார். மிளகாய் விவசாயி. பையனுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. அந்த நேரத்திலும் அவர் என்னிடம் சொன்னது: “மகளைப் பொண்ணு பார்க்க வாராக சார். வயித்துவலின்னே எழுதிருங்க.” எழுதினேன். அலமாரியில் மாற்று மருந்து இல்லை. ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினோம். பையன் முகத்தில் மூச்சுப் பையை வைத்து அழுத்திக்கொண்டே சிஸ்டர் வண்டியில் ஏறினார். இரண்டு கையும் அதில் இருந்ததால் பெல்ட் போடவில்லை. பார்த்திபனூர் தாண்டி, சாலையில் நின்ற லாரியில் வண்டி மோதியது. ஓட்டுநர் அப்துல் அஜீஸ் பின்பக்கம் ஓடிப் பார்த்தபோது சிஸ்டர் சொன்னது ஒன்றே ஒன்று: “அஜீசு, பையை விட்ராத.” அவர் விடவில்லை. அடுத்த வண்டி வரும்வரை அழுத்தினார். பையன் பிழைத்துவிட்டான். சிஸ்டர் போய்விட்டார். அந்த மருந்து இங்கே இருந்திருந்தால் அவர் அந்த வண்டியில் ஏறியிருக்கவே மாட்டார்.

செல்லச்சாமி அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் ஏசாதீர்கள். என்னை ஏசுங்கள். மருத்துவர் சீட்டில்லாமல் அந்த மாத்திரையை விற்கும் மருந்துக் கடைக்காரர்களை ஏசுங்கள். அவர்களில் சிலர் மாலையோடு வந்ததையும் பார்த்தேன்.

அடுத்து ஒரு நிமிட மௌன அஞ்சலி என்கிறார்கள். நான் நிற்க மாட்டேன். நாம் மௌனமாக இருந்தது போதும்! இனி யார் பெயரும் வெளியே போகாது. ஆனால் நோயை நோயென்றே எழுதுவேன். சிஸ்டரின் மனு நான்காவது முறையாக, உண்மையான எண்ணிக்கையோடு போகும். வார்டு வரும்வரை போய்க்கொண்டே இருக்கும்.

இந்த எண்ணிக்கையில் முதல் ஆளைச் சொல்கிறேன். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். என் மகன். பத்தொன்பது வயது. நான் எழுதிய முதல் பொய் அவனுக்காகத்தான். அவன் போதை ஊசி போடுகிறான். நாளைக் காலை எட்டு மணிக்கு அவனோடு புறநோயாளிகள் வரிசையில் நிற்பேன். எங்களுக்குப் பின்னால் யார் நிற்கப் போகிறீர்கள்?