திலீப் சார் முழுசாகக் கேட்ட ப்ராஜெக்ட்

திலீப் சார் நன்றாகத்தான் பாடம் நடத்துவார். கம்ப்யூட்டரில் ப்ரோகிராம் எழுதி இசையை வரவைக்கும் வகுப்பு அது. ஒன்றுமே தெரியாமல் வந்த எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். விசாரணைக் கமிட்டி அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

என் அம்மா அமுதத்துக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. மிச்சம் இருந்தது என் போனில் ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ். "இன்னா வெண்ணிலா, சாப்டியா? பஸ்ஸு கெடச்சிதா?" அதை வைத்துத்தான் செமஸ்டர் ப்ராஜெக்ட் செய்தேன். வெறும் மூச்சாகத் தொடங்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி சேர்ந்து, மூன்றாவது நிமிடத்தில் அம்மா தெளிவாகப் பேசுவாள்.

மார்க் போடும் அன்று அம்மாவை எங்கள் ஊர் உறுவையாற்றிலிருந்து அழைத்து வந்து கடைசி பெஞ்சில் உட்காரவைத்தேன். புதுப் புடவை கட்டியிருந்தாள். சார் பத்து நொடி கேட்டார்.

"இன்னாமா, ஃபேன் சத்தத்த ரெக்கார்ட் பண்ணி எடுத்துனு வந்துட்டியா?"

வகுப்பே சிரித்தது. முழுசாகக் கேட்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"நாப்பது பேரு இருக்கீங்க. எல்லாத்தையும் முழுசா கேட்டா நான் வூட்டுக்குப் போவ வேணாமா?" என்று லேப்டாப்பை மூடிவிட்டார். பூஜ்யம். பஸ்ஸில் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

பெயிலானவர்கள் ப்ராஜெக்டை இன்னொரு முறை கொடுக்கலாம். இந்தத் தடவை முழுசாகக் கேட்டே ஆக வேண்டும் என்று துறைத் தலைவரிடம் எழுதி வாங்கினேன். சாருக்கு இடது காது சின்ன வயதிலிருந்தே கேட்காது. வலது காதுதான் தனக்குச் சோறு போடுகிறது என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். ஹெட்போனில் கேட்கிறவருக்குத் திடீர்ச் சத்தம் வைக்கக் கூடாது என்பது அவர் நடத்திய முதல் பாடம். நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

மறுபடி மார்க் போடும் அன்று, ஹெட்போன் மாட்டிக்கொண்ட அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் நாற்பது நொடிக்கு, கேட்டும் கேட்காத மூச்சு.

"ஒன்னுமே கேக்கலையேமா?"

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க சார்" என்றேன். ஏற்றினார். "இன்னும் சார்" என்றேன்.

நாற்பத்தோராவது நொடியில் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேசைமேல் கவிழ்ந்தார்.

அந்தக் காது இனி வராது என்கிறார்கள். ப்ரோகிராமில் கோளாறு என்று ஒரு வாரமாக நான் சொன்னது பொய். அந்தத் திடீர்ச் சத்தத்தை நான்தான் வைத்தேன், வேண்டுமென்றே வைத்தேன். ஆனால் பழிவாங்கவில்லை. அதற்குப் பிறகு அம்மாவின் குரலையும் வைத்திருந்தேனே. மேசையில் கிடந்த ஹெட்போனிலிருந்து, சாப்டியா என்று அவள் கேட்டது எனக்கே கேட்டது. சார் நிறுத்தவில்லை. கடைசி வரை ஓடியது.

முழுசாகக் கேட்டாயிற்று. அதற்குரிய மார்க்கைப் போடச் சொல்லுங்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. மார்க்கைக் காட்டினால் பார்ப்பாள்.