புளியமரத்துச் சரப்பூ

– ஏணிய நான் கெட்டியா புடிச்சிக்கறேன் ராஜாக்கண்ணு அண்ணா. நீங்க ஏறுங்க.

– ஏறலாம், ஏறலாம். இன்னா அவசரம் ஃபிஜா பாப்பா? மொதல்ல செடிக்கி தண்ணி தெளி. வாணியம்பாடியிலருந்து வந்திருக்கு, வாடிப் போயிருக்கும்.

– தெளிச்சிட்டேண்ணா. திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு வாட்டி, புதூர்நாடு ஜீப்புல ஒரு வாட்டி.

– அப்ப நீ தண்ணி குடி.

– நானும் குடிச்சிட்டேண்ணா.

– இன்னாய்யா நீ, ஏணிய சாத்தி அரை மணி நேரம் ஆவுது. இந்நேரம் நானே ஏறி, கட்டி, எறங்கியிருப்பேன்.

– நீ சும்மா இரு மாதம்மா. சாமைக் கொல்லைக்கி களை எடுக்கப் போறேன்னியே, போ.

– போறேன், போறேன். உன் ஒருத்தன நம்பி இந்தப் பொண்ண வுட்டுட்டு எப்டி போறது? பிலால் தம்பி வந்திருந்தா போன வருசம் மாதிரி மளமளன்னு ஏறியிருக்கும். இந்த வாட்டி இன்னா, வர்லியா பாப்பா?

– அவருக்கு எங்க லேபுல வேற வேல போட்டுட்டாங்கக்கா. வந்து… இந்த டப்பாவ வாங்கிக்குங்க. மக்கன் பேடா. எங்கம்மி செஞ்சாங்க. ராஜாக்கண்ணு அண்ணனுக்குன்னு குடுத்தாங்க. உங்களுக்கும்தான்.

– "உங்களுக்கும்தான்"! கேட்டியாய்யா? உன் பேரோட ஒட்டிக்கினு எனக்கும் வருது.

– அய்யோ, அப்டி இல்லக்கா! வந்து… அண்ணன்தானே அந்த ஆர்க்கிட் செடிய எங்களுக்கு காட்டினாரு. இந்த மலை பூரா தேடிட்டு ஒன்னும் இல்லன்னு ஜீப் ஏறப் போனோம். அண்ணன்தான் கூப்ட்டு, எங்க கொல்லைப் புளியமரத்துல ஒன்னு இருக்கு, வந்து பாருங்கன்னாரு. அவரு கூப்புடலன்னா காய் ஏது, வெத ஏது, இந்தச் செடிதான் ஏது? லேபு வாசல்ல போர்டு எழுதப் போறோம். அதுல அண்ணன் பேரு வரும்.

– என் பேரா? வேணாம்மா.

– லேபு நடத்தற கௌசர் மேடமே சொல்லிட்டாங்கண்ணா.

– உங்க மேடம் ஆயிரம் சொல்லட்டும். என் பேரு வேணாம். அட, இந்த ஏணி வேற ஆடுது.

– ஆடல. நாந்தான் ஒரு பக்கம் புடிச்சிட்டு கீறேனே. அவரு கெடக்கறாரு, நீ சொல்லு பாப்பா. மூணு வருசத்துக்கு முன்ன சுண்டுவெரல் நீளத்துக்கு ஒரே ஒரு காய எடுத்துக்கினு போன. அத வச்சிட்டு எப்டி செடி பண்ண? பிலால் தம்பி ஒரு தபா சொல்லிச்சி, எனக்கு ஒன்னும் வெளங்கல.

– காய் வெடிக்கறதுக்கு முன்ன, பச்சையா இருக்கும்போதே எடுக்கணும்க்கா. பிளீச்சிங் தண்ணியில கழுவி, ஸ்பிரிட்டுல முக்கி, நெருப்புல ஒரு நொடி காட்டி, அப்பறம்தான் கீறுவேன்.

– நெருப்புல காட்டுவியா! உள்ள கெடக்கறது வெந்துடாது?

– வெளிய ஒட்டியிருக்கற கிருமிதான் சாவும். உள்ள சூடு போறதுக்குள்ள எடுத்துடுவேன். உள்ள வெத மாவு மாதிரி இருக்கும். மூச்சு வுட்டா பறந்துடும். சாமையில உள்ள அரிசி இருக்குல்ல, அதத் தின்னுதானே அது மொளைக்குது? இந்த வெதைக்குள்ள திங்கறதுக்கு ஒன்னுமே இல்லக்கா. காட்டுல மரப்பட்டையில ஒரு பூசணம் இருக்கும். அதுதான் ஊட்டி வளக்கும். லேபுல பூசணம் இல்லையே, அதனால நாங்க ஊட்டறோம். சக்கர, உப்பு எல்லாம் போட்டு ஜெல்லி மாதிரி காச்சி, பாட்டில்ல ஊத்தி, அதுமேல தூவி மூடிடுவோம்.

– புட்டிப்பாலுன்னு சொல்லு.

– புட்டிப்பாலேதான்! மொதல்ல பச்சையா கடுகு மாதிரி வரும். அப்பறம் ஒரு எல, ஒரு வேரு. பாட்டில் மாத்தி பாட்டில் மாத்தி ஒன்றர வருசம் வச்சிருந்தேன். அறுவது பாட்டில் போட்டேன்க்கா. அம்பத்தஞ்சுல கெட்ட பூசணம் ஏறிடுச்சி. மிச்சம் அஞ்சு. அதுல நாப்பத்திரெண்டு செடி.

– ஏ யப்பா. இவ்ளோ நேரம் பேசுவியா நீ? வந்தா தலைய குனிஞ்சிக்கினே இருப்ப, ஊமையோன்னு நெனச்சேன்.

– போங்கக்கா.

– பாரு, மறுபடி குனிஞ்சிட்டா. நாப்பத்திரெண்டுன்னியே, இந்தத் தட்டுல பன்னெண்டுதானே கீது?

– போன வருசம் முப்பது கொண்டாந்தோமே, மறந்துட்டீங்களா? ரோட்டோரம் இந்தப் புளியமரங்க பூரா கட்டுனோம். ரெண்டு மாசத்துல முப்பதும் போயிடுச்சி. தாய்ச்செடி இருந்த கெளையும் போன வருசப் பொயல்ல ஒடிஞ்சி வெள்ளத்தோட போச்சி. இந்த மலையில இருந்தது அது ஒன்னுதான். இப்ப இருக்கறது இந்தப் பன்னெண்டுதான்.

– இதுவும் போச்சின்னா?

– மேடம் வந்து… நல்லவங்கதான்க்கா. ஆனா இந்த வாட்டியும் மரத்துல வேரு புடிக்கலன்னா, பாட்டில் வைக்கற அந்த அலமாரிய வாழைக் கன்னுக்கு குடுத்துடுவேன்னு சொல்லிட்டாங்க. வாழைன்னா விவசாயிங்க வந்து வாங்கறாங்க. இத யாரு வாங்குவாங்க? எனக்கும் அதோட வேல முடிஞ்சிடும். அது பரவால்லக்கா. தப்பு என்னோடதுதானே?

– உன்னோட தப்பா? இன்னா தப்பு?

– பாட்டில்ல வளந்த செடி வெளிக்காத்த பாத்ததே இல்லண்ணா. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி, தெனம் கொஞ்சம் கொஞ்சமா தொறந்து வுட்டு பழக்கணும். போன வருசம் அதுல நான் அவசரப்பட்டுட்டேன் போல. அதாலதான் முப்பதும் செத்துச்சி. மேடம்கிட்ட அப்டித்தான் எழுதிக் குடுத்தேன்.

– எழுதியே குடுத்துட்டியா? உன் தப்புன்னா?

– ஆமாண்ணா. வேற காரணம் ஒன்னும் தெரியல. அதனால இந்தப் பன்னெண்டையும் அஞ்சு மாசம் பழக்கிட்டு கொண்டாந்திருக்கேன். எல எவ்ளோ தடிப்பா இருக்கு பாருங்க. கிழக்கால போற அந்தக் கெளையில மொதல் செடிய கட்டிடலாம். ஏறுங்கண்ணா. உங்களுக்கு எப்டி நன்றி சொல்றதுன்னே எனக்கு…

– ஏணிய எடு.

– இன்னாய்யா?

– ஏணிய எடு மாதம்மா. பாப்பா, செடிய மூடி வை. இந்த மரத்துல வேணாம்.

– ஏண்ணா?

– இதுல அது வராது. எந்தப் புளியமரத்துலயும் வராது.

– உங்களுக்கு எப்டி தெரியும்?

– தெரியும்மா.

– அதான் எப்டிண்ணா?

– நான்தான் எல்லாத்தையும் வெட்டுனேன்.

– எதண்ணா?

– உன் செடியத்தான். இங்க இல்லன்னு தேடிட்டுப் போனியே, எப்டி இல்லாம போச்சி? இந்தக் கையாலதான். ஆனி மாசம் பலாக்காய் எறக்க ஏறுவேன். எறக்கிட்டு, மரத்துல ஒட்டியிருக்கற புல்லுருவிய சீவி வுடணும். இல்லன்னா அது மரத்த உறிஞ்சிடும். சுத்துப்பட்டு ஊரெல்லாம் என்னத்தான் கூப்புடுவாங்க. மரத்துக்கு ஒரு படி சாமை கூலி. உன் செடியும் மரத்துமேலதான் ஒக்காந்திருக்கு, மண்ணத் தொடல, வேர வேற பட்டையோட ஒட்ட வச்சிருக்கு. நான் இன்னாத்த கண்டேன்? அதுவும் புல்லுருவின்னு நெனச்சேன். பூக்கற புல்லுருவி. இருவது வருசம் சீவியிருக்கேன்.

– அது உறிஞ்சாதுண்ணா. மரத்துமேல சும்மா ஒக்காந்திருக்கும். மழை, பனி, காத்து, அதுலயே பொழைச்சிக்கும்.

– இப்ப தெரியுதும்மா. போன வருசம் பிலால் தம்பி ஏணிமேல நின்னுக்கினு சொல்லிச்சி பாரு, அப்பதான் காதுல வுழுந்துச்சி. நீங்க புளியமரத்துல கட்டிக்கினு இருக்கீங்க. இது இதோட மரம் இல்ல, பலாவுல கட்டு, மாவுல கட்டுன்னு சொல்லணும். சொன்னா, உனக்கெப்டி தெரியும்னு கேப்ப. வாய மூடிக்கினேன். முப்பதும் செத்துச்சி. நீ என்னாடான்னா தப்பு உன்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டு, எனக்கு பேடா கொண்டார, போர்டு எழுதறேன்ற. எந்தக் கையால வாங்கித் திங்கறது அத?

– இதுக்குத்தான் ராத்திரி சோறு எறங்கலியா? நான் வயிறு சரியில்லன்னு சுக்குத் தண்ணி வச்சிக் குடுத்தேனே!

– நீ வேற.

– அண்ணா.

– திட்டும்மா. நல்லா திட்டு.

– வந்து… இருவது வருசமா எந்தெந்த மரத்துல வெட்டுனீங்கன்னு ஞாபகம் இருக்கா?

– ஏன் இல்ல? ரங்கசாமி வூட்டு மேலண்டைப் பலா, ரெண்டாவது கவட்டையில பெரிய கொத்து. ஓடையோரம் முத்தம்மா கொல்லையில மூணு பலா, மூணுலயும் வடக்குப் பக்கமா. குப்பம்மா மாமரத்துல தல ஒசரத்துலயே இருந்துச்சி. எல்லாம் பாசி புடிச்ச பட்டை, ஓடை ஈரம். வெயில் நேரா அடிக்கற மரத்துல ஒன்னு கூட நான் பாத்ததில்ல.

– இருங்கண்ணா, எழுதிக்கறேன். வடக்குப் பக்கம்… பாசி… எவ்ளோ ஒசரம்? ரெண்டு ஆள் ஒசரம் இருக்குமா?

– ஒன்றர ஆள் போதும். நீ இன்னா, திட்டாம எழுதிக்கினு இருக்க?

– இத யாருகிட்ட கேட்டா எனக்கு கெடைக்கும்? அந்தச் செடி எங்க இருந்துச்சின்னு பாத்தவங்களே யாரும் இல்ல. வெட்டுனவருக்குத்தான் ஒவ்வொரு எடமும் தெரிஞ்சிருக்கு. நீங்க இப்ப சொன்னதுக்கு ரொம்ப…

– தேங்க்ஸ்னு சொன்ன, நான் எழுந்து போயிடுவேன்.

– சொல்லலண்ணா. சொல்லல.

– சிரிக்கறத பாருய்யா. இவளுக்கு பல்லு கீதுன்னே இன்னிக்கித்தான் தெரியுது.

– ஆனா ஒன்னுண்ணா. அந்தத் தாய்ச்செடி புளியமரத்துலதானே இருந்துச்சி?

– இருந்துச்சி.

– வெயில் அடிக்கற மரம். பாசி இல்ல. ஓடையும் தூரம். அதுல எவ்ளோ நல்லா இருந்துச்சி! பூத்து, காய்ச்சி, அந்தக் காய்லதானே இது எல்லாம் வந்துச்சி.

– அதுதாம்மா எனக்கும் வெளங்கல. நான் பலாவும் மாவும்தான் சீவுவேன். புளியில புல்லுருவி இருக்கும்னு அண்ணாந்து பாக்கறதே இல்ல. அதனால அது ஒன்னு என் கண்ணுக்குத் தப்பிச்சிருக்கு. நீங்க அதத் தேடி வந்தப்பதான் அண்ணாந்து பாத்தேன். அங்க எப்டி மொளைச்சிதோ.

– அதாண்ணா பயமா இருக்கு. நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா உயிரோட நான் என் கண்ணால பாத்தது அது ஒன்னுதான். பதினோரு வருசம் அந்த மரத்துல இருந்த செடி எப்டி பொய்யாவும்? மேடம் கேட்டா நான் இன்னா சொல்லுவேன்? பன்னெண்டுதான் இருக்கு. ஆறு செடிய பலாவுல கட்டிட்டு, ஆறு செடிய புளியில கட்டிடறேன்.

– ஆறு சாவும்மா.

– எந்த ஆறுண்ணா? அது தெரிஞ்சா போதுமே.

– அட, நான்தான் சொல்றேனே… இரு. பதினோரு வருசம்னு யாரு சொன்னது உனக்கு?

– அக்காதான். காய் எடுக்க வந்த அன்னிக்கி சொன்னாங்க. லேபு ரிஜிஸ்டர்ல அப்டியே எழுதியிருக்கேன்.

– மாதம்மா, உனக்கு எப்டி பதினோரு வருசம்னு சரியா தெரிஞ்சிது?

– எனக்கு களை எடுக்கப் போவணும்.

– இந்நேரம் வரைக்கும் களை ஞாபகம் வர்ல, இப்ப வருதா? நில்லு.

– அக்கா, தெரிஞ்சா சொல்லுங்கக்கா. பன்னெண்டுதான் இருக்கு.

– அப்டி பாக்காத பாப்பா. சொல்றேன். அது அங்க மொளைச்சதில்ல. நான் கட்டுனது.

– நீயா?

– ஆமா, நான்தான். ரங்கசாமி வூட்டுப் பலாவுலருந்து சீவிக் கீழ போட்ட. பூ அப்டியே சரம் சரமா தொங்கிட்டு கீது, எறும்பு மொய்க்குது. நீ பாட்டுக்கு சாமைய வாங்கி முடிஞ்சிக்கினு நடந்துட்ட. பின்னால வந்த எனக்கு அத மிதிச்சிட்டு வர மனசு வர்ல. மடியில போட்டுக்கினு வந்து, பழைய சீலைய கிழிச்சி கட்டுனேன்.

– தண்ணி? வெயில் காலத்துல எப்டிக்கா…

– சாயந்தரமானா ஒரு சொம்பு. பதினோரு வருசமும். இவரு கேட்டா, மரத்தடியில கொழம்புச்சட்டி கழுவுனேம்பேன்.

– அப்ப அதுக்கு புளியமரம் ஆவாதுதானா? பலாவுலருந்து எடுத்தீங்கன்னா, இன்னொரு பலாவுலயே கட்டியிருக்கலாமேக்கா. ஏன் புளியமரத்துல கட்டினீங்க?

– வேற எங்க பாப்பா கட்டறது? இந்த மலையில இவரு அருவா ஏறாத மரம் அது ஒன்னுதானே.