நாற்பது சாக்குத் தேசிக்காயும் யாகப்பு கடை மருந்தும்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் நமசிவாயம் ஐயா அவர்களே! வெயிலையும் வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! உப்புப் பட்டு வெடித்த விரல்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தோட்டத்து மண் காயாத காலோடு வாசலில் நிற்கும் வாலிபர்களே! பண்டத்தரிப்புப் பழச்செய்கையாளர் சங்கத்தின் காரியதரிசி கதிரவேலு ஆகிய நான் உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகின்றேன்.

இந்தக் கூட்டம் எதற்காகக் கூடியது? தோட்ட மருந்துக்கடை யாகப்பு கள்ள மருந்து விற்றார், இனி அவருடைய கடைப்படியை ஒருவரும் மிதிக்கக்கூடாது என்று தீர்மானம் போட. அந்தத் தீர்மானத்தை எழுதியவன் யார்? நான். முன்மொழிய மேடையேறியவன் யார்? நான். அதற்கு முன் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கைதட்டாதேயுங்கோ தம்பியவை. இப்ப தட்டினால் பிறகு வெட்கப்படுவியள்.

இந்த மாசியில் நம்முடைய தேசிக்காய், புத்தகத்தார் எழுதும் எலுமிச்சை, பட்ட பாட்டை நான் சொல்லவா வேண்டும்? ஏற்றிய லொறி ஆனையிறவுச் சோதனைச்சாவடியில் ஒருநாள் நிற்கும், இருநாள் நிற்கும், நாலு நாள் நிற்கும். பச்சையாய்ப் போன காய், பூஞ்சணம் பூத்துக் கொழும்பில் இறங்கும். அதனால்தான் யாகப்பு அண்ணையின் கடையில் பூஞ்சண மருந்து வாங்கி, ஒரு பீப்பாத் தண்ணீரில் கரைத்து, நாற்பது சாக்குக் காயையும் நனைத்தெடுத்தோம். கரைத்தது என் கை. நனைத்தது என் கை. மினுமினுவென்று மின்னிய காயைப் பார்த்து மெச்சியவர்கள் நீங்கள்.

ஆனால் என்ன நடந்தது? ஆமிக்காரர் கொழும்புப் பாதையையே பூட்டிவிட்டார்கள்! காயை என்ன செய்வது? திருகோணமலையிலிருந்து ஓடிவந்து நம் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கும் குடும்பங்களுக்கு ஊறுகாய் போட்டுக் கொடுப்போம் என்றார் மாதர் சங்கத் தலைவி ஞானாம்பிகை அம்மா. ஊரே சரியென்றது. அங்கே தொண்டுக்கு வந்திருந்த ஒரு பெண் மட்டும் என்னிடம் வந்தாள். குருநகர் மக்டலீன், யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவள்.

"அண்ணை, மருந்திலை நனைச்ச காயோ?"

"ஓம் பிள்ளை."

"ஊறுகாய் தோலோடையெல்லோ போடுறது? மருந்து தோலிலைதான் நிக்கும். அளந்து பாத்துப்போட்டு வெட்டுவம்."

மறுநாள் காலை, நம் காய் ஏற்றும் கிறகோரியின் லொறியில் பத்துக் காயோடு பட்டணம் போனோம். மத்தியானம் இங்கே வெட்டத் தொடங்குவார்கள். அதற்குள் நல்ல முடிவோடு திரும்பிவிடலாம் என்று நம்பினேன்.

மக்டலீன் காயைத் தோலோடு நறுக்கினாள், அரைத்தாள், திரவம் விட்டுக் குலுக்கி வடித்தாள். வெள்ளைத் தூள் பூசிய கண்ணாடித் தட்டில் அந்த வடிசலை ஒரு பொட்டு வைத்தாள். பக்கத்தில், அளவு தெரிந்த மருந்துப் பொட்டுகள்: பத்து, இருபது, முப்பது. கிலோவுக்குப் பத்து மில்லிகிராம்தான் எல்லை, அண்ணை, என்றாள். புறஊதாக்கதிர் விளக்கைப் போடப் போனாள், கறன்ட் நின்றது! எவ்வளவு நேரம் காத்திருப்பது? கிறகோரி லொறிப் பற்றறியைக் கழற்றி வந்தார். யன்னலைக் கறுப்புத் துணியால் மூடினோம். விளக்கு எரிந்தது. பொட்டுகள் நீலமாய் ஒளிர்ந்தன. எங்கள் பொட்டு, முப்பதை மங்கவைத்து ஒளிர்ந்தது!

வடிசலில் இன்னும் திரவம் விட்டுப் பாதியாய் ஐதாக்கி இன்னொரு தட்டில் வைத்துப் பார்த்தாள். அப்போதும் இருபதுக்குச் சரியாய் நின்றது.

"நாப்பது வருது அண்ணை. ஒரு பீப்பாவுக்கு எத்தினை பக்கற் போட்டனியள்?"

அவள் பதிவேட்டைத் திறந்தாள்.

"பிள்ளை, உந்த அளவை எழுதாதேங்கோ" என்றேன்.

"நான் எழுதாட்டியும் உது தோலிலை இருக்கும். குழந்தையள் நெடுகத் தின்னப்போகுதுகள். ஓடுங்கோ, வெட்டுறதை நிப்பாட்டுங்கோ!"

ஓடிவந்து ஏறினால் லொறி கிளம்பவில்லை. பற்றறியை விளக்கு குடித்துவிட்டது. ஒரு சைக்கிளை இரவல் வாங்கி மிதித்தேன். கோட்டைப் பக்கம் வெடி கேட்டது. எதிரே சனம் ஓடிவந்தது. திரும்பினேனா? திரும்பவில்லை. வந்து சேர்ந்தபோது மூன்று சாக்கு வெட்டி உப்பும் போட்டாயிற்று.

ஞானாம்பிகை அம்மா நிமிர்ந்தார். "என்ன கதிரவேலு, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?"

அன்பர்களே, அவ்வளவு தூரம் மிதித்த கால் தளரவில்லை. அந்த ஒரு கேள்வியில் என் நாக்குத் தளர்ந்தது. "யாகப்பு கள்ள மருந்து தந்திட்டான்!" என்றேன்.

அவ்வளவுதான். நாற்பது சாக்கும் குழிக்குள் போயின. அன்று பின்னேரமே யாகப்புவின் கடைக்குக் கல் பறந்தது.

பீப்பாவுக்கு ஒரு பக்கற் என்று கடதாசியில் எழுதித் தந்தவர் யாகப்பு. நான் போட்டது எத்தனை? நாலு! காய் நாலு நாள் நின்றால் நாலு பக்கற் வேண்டாமோ என்று கணக்குப் போட்டவன் நான். கள்ள மருந்தா அது? இல்லை. நல்ல மருந்து. கள்ளம் என் வாயில் இருந்தது!

யாரங்கே? "இறங்கடா" என்கிறீர்களா? இறங்குவேன். இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

நேற்று யாகப்பு அண்ணையிடம் போனேன். உடைந்த அலுமாரிக் கண்ணாடியைக் குந்தியிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "பீப்பா ஒண்டு, பக்கற் நாலு. வித்தவனுக்குத் தெரியாதோ?"

"பிறகேன் அண்ணை ஒருதருக்கும் சொல்லேல்லை?"

"கல்லோடை நிக்கிற சனத்திட்டை நான் என்னத்தைக் கதைக்கிறது? நீ கதைச்சால் கேப்பினம்."

ஆகவே கதைத்துவிட்டேன். இதோ, நான் எழுதிய தீர்மானத்தை நானே கிழிக்கிறேன். வேறொன்றை முன்மொழிகிறேன்: நனைத்த காய் அளக்காமல் இந்த ஊரைவிட்டுப் போகக்கூடாது. அளந்த அளவைச் சாக்கில் எழுதவேண்டும். கரைத்தவன் பெயரையும் எழுதவேண்டும். பெயர் எழுதப் பயப்படுகிறவன் பக்கற்றைத் தொடவே கூடாது! காரியதரிசிப் பதவியையும் இந்தக் கணமே விடுகிறேன்.

தலைவரே, பேசவிட்டதற்கு நன்றி. தாய்மார்களே, உங்கள் உழைப்பைக் குழியில் போட்டவனை இவ்வளவு நேரம் பொறுத்தீர்கள், நன்றி. இங்கிருந்து இறங்கி யாகப்பு அண்ணையின் கடைக்குப் போகிறேன். கல் எடுத்துப் போன வாலிபர்கள் இன்று வெறுங்கையோடு என்னோடு வாருங்கள். எல்லோருக்கும் என் வணக்கம்.