விசாவைக் கெடுத்த வார்த்தை

பொள்ளாச்சி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். "மரியாதையாப் பேசுனதுக்கு விசா இல்லைன்னுட்டாங்கக்கா" என்று இளையவள் சொன்னதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"அப்படி என்ன கண்ணு பேசுன?" என்றாள் மூத்தவள்.

"எங்கூட்டுக்காரரோட வெளிநாட்டுலயே குடியிருக்கறதுக்கு விசாவுங்க. மெட்ராசு விசா ஆபீசுல வெள்ளைக்காரரு எல்லாம் கேட்டுட்டு, செரி கெளம்புன்னாரு. எந்திரிச்சுக் கும்புட்டு, 'போயிட்டு வாரேனுங்க'ன்னேன்."

"அதுல என்ன தப்பு?"

"பக்கத்துல இருந்த தமிழ் தெரிஞ்சவரு அதை அப்படியே இங்கிலீசுல சொல்லிப்போட்டாருங்க. திரும்பி வாரவளுக்குக் குடியிருக்கற விசா எதுக்குன்னு வெள்ளைக்காரரு கேட்டுப்போட்டாரு. மறுபடியும் மொதல்ல இருந்து எழுதிப் போடோணுமாமா."

"அடுத்த தடவை 'போறேன்'னு மட்டும் சொல்லு."

"வாயில வரமாட்டேங்குதுங்கக்கா."

"இப்பவே சொல்லிப் பழகு."

கிணத்துக்கடவு வந்தது. இளையவள் பையுடன் எழுந்தாள். மூச்சை இழுத்துப் பிடித்து, "அக்கா, நான் போறேன்" என்றாள்.

மூத்தவள் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "வெள்ளிக்கெழமை அதுவுமா என்ன பேச்சு பேசற அம்மணி? ஒழுங்கா போயிட்டு வாரேன்னு சொல்லிப்போட்டு எறங்கு!"

அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிணத்துக்கடவைத் தாண்டிவிட்டது.