பர்லியாரில் விசில்

என்னைப் போன்றவர்கள் எழுதலாமா என்று தெரியவில்லை, மன்னிக்கவும். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நின்ற ஒரு கணவனும் மனைவியும் பேசியது இது.

"ஏனுங்க, வயித்துக் கோளாறுக்குப் போனா முதுகையா அமுக்கி விட்டாரு?"

"ஆஸ்டியோபதி டாக்டரு அப்பிடித்தான் புள்ள. அப்பறம் வயித்தையும் அமுக்குனாரு. மாத்தர இல்ல, கைதான்."

"நாளைக்கு மேட்டுப்பாளையத்துல நம்ம பொண்ணுக்கு நிச்சயம். தட்டு மாத்த அப்பன் வேணுமில்லீங்க?"

"வரோணும்னுதான் பாக்கறேன். பர்லியாருல பஸ்ஸ நிறுத்திக் கக்கூசுக்கு ஓடாம நான் எப்பக் கீழ போயிருக்கறேன்?"

"ஆமாங்க, அங்க வந்தாக் கண்டக்டரே உங்க மூஞ்சியத்தான் பாக்கறாரு."

மறுநாள் அவர்கள் மேட்டுப்பாளையம் போன பஸ்ஸிலேயே நானும் போனேன். பர்லியாரில் கண்டக்டர் அந்தக் கணவரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸை நிறுத்த விசிலடித்தார். அவர் நிச்சயத் தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தார். டிரைவர்தான் இறங்கி ஓடினார்.