முப்பத்தாறில் முடியும் எண்

உள்ளே நுழைய முடியவில்லை என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருக்கும். மீதிப் பேரில் முக்கால்வாசி, போன மாதம் மாற்றிய பாஸ்வேர்டை மறந்துவிட்டு அதற்கு முந்தைய பாஸ்வேர்டை அடித்துக்கொண்டிருப்பார்கள், ஒவ்வொரு தடவையும் விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தி. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஹெல்ப்டெஸ்க்கில் பதினோரு வருடம் உட்கார்ந்து நான் கற்றது இவ்வளவுதான். அழுத்தி அடித்தால் கணினிக்குக் காது கேட்கும் என்று மனிதர்கள் நம்புகிறார்கள்.

தொழிற்சாலை ஆய்வாளர் ஐயா, என் மனைவி ஷெர்லினுக்கு அந்த வாரம் கிளவுட் ஃபோல்டரைத் திறப்பதில் என்ன பிரச்சினை என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் தொழில்நுட்பக் குறிப்பு கேட்டிருந்தீர்கள். விசாரணைக் கோப்பில் அந்த ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது என்றீர்கள். ஒரு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஷெர்லின் அதே தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருந்தாள். லைன் லைனாகப் போய்க் கம்பெனி டேப்லெட்டில் படம் எடுப்பதும், 'பாதுகாப்பே முதலில்' பலகையில் எழுத்து உதிர்ந்தால் புதிதாக ஒட்டுவதும் அவள் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் டேபில் உள்ளதை அழித்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். எடுத்ததெல்லாம் கிளவுடில் அவள் ஃபோல்டரில் மட்டும் இருக்கும்.

இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் நான்காம் நம்பர் பிரஸ்ஸில் கொம்பையா என்று ஓர் ஆபரேட்டர். தென்காசிப் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்கியவர், வடக்குப்பட்டில் ஆறு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். ஒருநாள் அவர் விரல் நகம் ஒன்று பிரஸ்ஸோடு போய்விட்டது. "நகந்தான போச்சு, விடுங்கக்கா" என்று தன்னைவிட இளையவளை அக்கா என்று அழைத்துச் சமாதானம் சொன்னாராம். ஷெர்லின் விடவில்லை. பிரஸ்ஸுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு, கர்ட்டன் என்பார்கள். கையோ தலையோ குறுக்கே வந்தால் பிரஸ் அந்த நொடியே நின்றாக வேண்டும். அது வேலை செய்திருந்தால் நகம் போயிருக்காது. அவள் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது, விரல் நீளத்துக்கு ஒரு ஒயர் கர்ட்டனின் கண்ணைக் கட்டிவைத்திருந்தது. டார்கெட்டுக்காக. கர்ட்டன் அடிக்கடி நிறுத்திவிடுகிறதாம்.

ஏழு வீடியோ எடுத்தாள். மேலே புகார் எழுதி அனுப்பினாள். பார்க்கிறோம் என்றார்கள். மூன்று வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வியாழக்கிழமை வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து பாதுகாப்பைச் சோதிக்க ஆடிட்டர்கள் வருகிறார்கள், கூட்ட அறையின் பெரிய திரையில் நானே ஃபோல்டரைத் திறந்து காட்டிவிடுகிறேன் என்று, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து மண்ணூருக்குத் திரும்பும் வழியில், வண்டியின் பின்னால் உட்கார்ந்து என் காதருகே சொன்னாள்.

திங்கட்கிழமை காலை உற்பத்திப் பிரிவுத் தலைவர் பேச்சிராஜ் என் அறைக்கு வந்தார். ஆடிட்டர்களுக்கு வீடியோ காட்டப்போகும் விஷயத்தை அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். யாரோ என்றால் நான்தான். வேலைக்கு வந்ததும் டீ எந்திரத்தின் அருகே, என் மனைவி எவ்வளவு கவனமானவள் என்ற பெருமையில் வாயில் வந்துவிட்டது. பேச்சிராஜ் குரலை உயர்த்தாதவர். பிரிண்டரில் இன்னும் பேப்பர் சிக்குகிறதா என்று முதலில் விசாரித்தார்.

"வீட்டம்மா எடுத்துருக்க வீடியோ நல்ல விஷயம்தான் ஜோயல். நாம சரி பண்ணத்தான் போறோம். வியாழக்கிழமை வரைக்கும் மட்டும் அவங்களுக்கு ஏதாச்சும் சைன்-இன் பிராப்ளம் இருந்துச்சுன்னா எல்லாருக்கும் நல்லது."

அவர் எதையும் செய்யச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இருந்தால் நல்லது என்றார், மழை பெய்தால் நல்லது என்பது போல. நானும் அதை நிதானமாகவே யோசித்தேன். ஆடிட் தோற்றால் லைன் மூடும். லைன் மூடினால் கொம்பையாவுக்கு வேலை போகும். யாரால் என்று பேச்சு வரும். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே நாளில் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வரவேண்டியிருக்கும். நான்கு நாள் ஒரு ஃபோல்டர் திறக்காமல் இருப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்? வெள்ளிக்கிழமை நானே திறந்துவிடுவதாக இருந்தேன்.

செய்முறை எளிது. முதலில் அவள் கணக்கை எல்லா இடத்திலிருந்தும் வெளியேற்றினேன். மறுபடி நுழைய, பதிவான கைப்பேசிக்கு ஆறு இலக்க ஓடிபி வரும். அந்தக் கைப்பேசி எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டேன்.

இங்கே ஒரு சின்ன விவரம். எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் ஷெர்லின் ஒரு மணி நேரம் நின்று, கடைக்காரரின் சிம் அட்டைகளையெல்லாம் கலைத்து, முடிவு ஒன்றாக இருக்கும் இரண்டு எண்களைத் தேடி எடுத்தாள். இருவருக்கும் முப்பத்தாறு. ஜோடி நம்பர் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தோம். கிளவுட் மென்பொருள் முழு எண்ணையும் காட்டாது. பாதுகாப்புக்காக முதல் எட்டை மறைத்துவிட்டு, '36 என முடியும் எண்ணுக்கு அனுப்பியுள்ளோம்' என்று மட்டும் சொல்லும். அவள் அதைப் படித்தாள். தன் எண்தான் என்று நம்பினாள். தவறு என்று சொல்ல முடியாது. பத்து வருடத்துக்கு முன் அவளே தேடி எடுத்த எண்தான்.

மதியம் இன்டர்காம் அடித்தது.

"ஹெல்ப்டெஸ்க்கா? உங்க பொண்டாட்டி பேசறேன். டிக்கெட் போட்டுட்டேன். தலைப்புல இன்னா போடறது, 'வூட்டுக்காரர் கண்டுக்கல'ன்னா?"

எங்களிடம் புகார் பதிவதற்கு டிக்கெட் போடுவது என்று பெயர். பிரவுசரின் கேஷை அழி என்றேன். அழித்தாள். வேறு பிரவுசரில் பார் என்றேன். பார்த்தாள். கடிகாரம் இரண்டு நிமிடம் முந்தியிருக்கலாம் என்றேன், திருத்திவிட்டுக் கூப்பிட்டாள். மென்பொருளை நீக்கித் திரும்பப் போடு, கணினியை அணைத்து முப்பது வரை எண்ணு. நான் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் 'ஜோயல் சொன்னது' என்று தலைப்பிட்டு, வரிசை எண் போட்டு எழுதி, செய்ததும் டிக் அடித்துக்கொண்டே வந்தாள். செவ்வாய்க்கிழமை ஒருமுறை, எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று, மவுஸை வேறு துளையில் செருகச் சொன்னேன். அதையும் செய்துவிட்டு நன்றி சொன்னாள்.

எங்கள் தொழிற்சாலையில் கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள். கேட்டில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் ஓடிபி வேண்டியவர்கள் இன்டர்காமில் கேட் செக்யூரிட்டி மாரியைக் கூப்பிடுவார்கள். அவர் பெட்டியைத் திறந்து, கைப்பேசித் திரையைப் பார்த்து, ஆறு எண்ணையும் ஏலம் விடுவது போலக் கத்துவார். பாதுகாப்பு ஏற்பாடு என்பது எங்களிடம் இப்படித்தான் நடக்கும். ஐடி அறை கேட்டுக்கு வெளிப்புறம் இருப்பதால் எனக்கு மட்டும் கைப்பேசி அனுமதி. அந்த மூன்று நாளும் அவள் மாரியை எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் என் மேசை அதிர்ந்தது. கைக்குட்டையை மடித்துக் கைப்பேசிக்கு அடியில் வைத்தேன்.

மாரி அலுத்துக்கொண்டதை அவள் வீட்டில் நடித்துக் காட்டிச் சிரித்தாள். "யம்மா, உன் போனு கல்லு மாரி கீது. காலீலர்ந்து பாத்துகினு கீறேன், ஒரு வெளிச்சம் வரல. ஓவர்டைம் பாத்தா கம்பெனி ஓ.டி. குடுக்குது. ஓடிபி நான்தான் குடுக்கணும்னா எங்கேர்ந்து குடுப்பேன்?"

நானும் சிரித்தேன். நன்றாகத்தான் நடித்தாள்.

புதன்கிழமை சாப்பிடும்போது நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோசை வார்த்தாள். பதினான்கு வரி, பதினான்கு டிக். வேறு என்னதான் வழி என்று கேட்டாள்.

"தொறக்கலன்னா புதுசா எடுத்துக்க வேண்டியதுதான்" என்றேன்.

ஹெல்ப்டெஸ்க்கில் யாருக்கும் கடைசியாகச் சொல்வது அது. ஃபைல் கிடைக்காவிட்டால் புதிதாகச் செய்துகொள்ளுங்கள். அதை யாரும் செய்வதில்லை. பேச்சை முடிப்பதற்காகச் சொல்வது.

"இது எனுக்குத் தோணவே இல்ல பாருங்க" என்றாள் ஷெர்லின். "காலீல நாலாம் நம்பர் டீ டைம்ல அந்த மெஷின் மட்டும் நிக்கும். டேப்ல எடுத்து அப்படியே கையோட காட்டிடறேன்." பதினைந்தாவதாக எழுதிக்கொண்டாள். எனக்கு இன்னொரு தோசை வைத்தாள்.

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மவுஸை வேறு துளையில் செருகச் சொன்னதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். அது கூச்சமாக இருந்தது.

வியாழக்கிழமை ஒன்பது ஐம்பத்தொன்றுக்கு என் மேசை அதிர்ந்தது. லைனுக்குப் போவதற்கு முன் கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறாள். நான்கு, பூஜ்யம், இரண்டு, ஒன்பது, ஒன்று, ஏழு. பத்து நிமிடம் செல்லுபடியாகும். இன்டர்காமை எடுத்து அந்த ஆறு எண்ணைப் படித்திருந்தால் அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

வேறு மெஷின் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, மெஷின் நம்பரும் அந்த ஒயரும் ஒரே படத்தில் வரும்படி டேபோடு உள்ளே குனிந்திருக்கிறாள். டீ குடித்துவிட்டுக் கொம்பையா வருவதற்கு முன்பே திரும்பி வந்த மாற்று ஆபரேட்டர் பெடலை மிதித்தார். குனிந்திருப்பவள் அவர் நிற்கும் இடத்திலிருந்து தெரியமாட்டாள். பார்த்து நிறுத்த வேண்டியது கர்ட்டன்தான்.

பத்து எட்டுக்கு லைன்கள் நின்றன. பிரஸ்கள் ஓடும்வரை என் அறை ஜன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருக்கும். வேலை நேரத்தில் அது அசையாமல் இருந்து நான் பார்த்தது மூன்று முறை. முந்தைய இரண்டும் ஆயுத பூஜை.

போலீஸ் வருவதற்குள் அந்த ஒயர் கழற்றப்பட்டுவிட்டது. கர்ட்டன் மிக நன்றாக வேலை செய்வதாக நீங்களே சோதித்து எழுதியிருக்கிறீர்கள். டேப் நொறுங்கிவிட்டது. ஆடிட் இரண்டு வாரம் தள்ளி நடந்து, நல்ல மதிப்பெண்ணோடு தேறியது. பாதுகாப்பு வாசகங்கள் பளிச்சென்று இருப்பதாக ஆடிட்டர்கள் தனியே பாராட்டினார்களாம். உங்கள் முதல் அறிக்கையில் ஷெர்லினைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: 'அனுமதியின்றி இயந்திரப் பகுதிக்குள் நுழைந்து, தன் கவனக்குறைவால்'. அவள் கவனக்குறைவானவள் என்று யாரும் எழுதி நான் படித்தது அதுதான் முதல் தடவை.

போன வாரம் கொம்பையா வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் நேராக வைத்துவிட்டு, உட்காராமல் பேசினார். "அண்ணே, அக்கா மேலதான் தப்புன்னு எழுதிட்டாவளாம்லா. அந்த வீடியோவ மட்டும் தொறந்துட்டா எல்லாம் தெரிஞ்சிரும். நான் சொன்னா எவன் நம்புவான், கான்ட்ராக்ட் ஆளு. நீங்கதான கம்ப்யூட்டர் படிச்சவுக."

டிக்கெட் போட்டிருக்கிறேன் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பாதி வளர்ந்திருந்தது.

உண்மையில் அந்த ஃபோல்டர் அதற்கு முன்பே திறந்தாகிவிட்டது. விபத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, நான் திறப்பதாக இருந்த அதே வெள்ளிக்கிழமை, பிணவறைக்கு வெளியே காத்திருந்தபோது கைப்பேசியிலேயே அவள் கணக்குக்குள் போனேன். ஓடிபி உடனே வந்தது. ஏழு வீடியோவும் இருந்தன. முதலாவதை மட்டும் ஓட்டினேன். சர்ச்சில் வேதபாடம் வாசிக்கும் அதே குரலில், நிறுத்தி நிறுத்தி, மெஷின் நம்பரையும் தேதியையும் சொல்கிறாள். அந்தக் குரலைக் கூட்ட அறையில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஏழையும் குப்பைத் தொட்டிக்கு நகர்த்தினேன். அழிக்கவில்லை. அழிப்பது வேறு. தொட்டியில் முப்பது நாள் இருக்கும். அதுவரை யார் வேண்டுமானாலும் மீட்கலாம். பிறகு மென்பொருள் தானாக அழித்துக்கொள்ளும். அதில் என் கை கிடையாது.

டிக்கெட்டும் தானாகத்தான் மூடிக்கொண்டது. மூன்று வேலை நாள் பதில் வராவிட்டால் மூடிவிடும். காரணம் என்ற இடத்தில், 'பயனரைத் தொடர்புகொள்ள இயலவில்லை' என்று போட்டுக்கொண்டது. உடனே அவள் மின்னஞ்சலுக்கு ஒரு கேள்வித்தாள் போயிற்று. பிரச்சினை தீர்ந்ததா, உதவியாளர் எப்படி நடந்துகொண்டார், எத்தனை நட்சத்திரம். பதில் வராவிட்டால் வாரம் ஒருமுறை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். இறந்தவளுக்கு அப்படி வருவது எனக்குச் சகிக்கவில்லை. நானே நிரப்பினேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்து, 'மிகவும் பொறுமையாக வழிகாட்டினார்' என்று எழுதினேன். அவளும் அதைத்தான் எழுதியிருப்பாள்.

நோட்டு அவள் பையோடு வீட்டுக்கு வந்தது. பதினைந்தாவது வரிக்கு நேரே மட்டும் டிக் இல்லை.

ஆகவே, நீங்கள் கேட்ட குறிப்பு இது: சைன்-இன் பிரச்சினை எதுவும் இல்லை. நான் இருந்தேன். எண்ணை மாற்றியது நான், ஓடிபியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது நான், லைனுக்குப் போகும் வழியைச் சொல்லிக் கொடுத்ததும் நான். எதையும் மறைக்க விரும்பவில்லை. ஷெர்லின் மேல் தவறு இல்லை என்று உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். வீடியோக்கள் எங்கே இருக்கின்றன என்றும் சொல்லிவிட்டேன். இன்று வெள்ளிக்கிழமை, இருபத்தெட்டாம் நாள். ஞாயிற்றுக்கிழமையோடு முப்பது முடிகிறது.

மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்றீர்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஐயா. உங்களுக்கு ஏதாவது சைன்-இன் பிரச்சினை வரலாம். பதிவுத் தபால்தான் சரி. காலையில் தபாலாபீசில் விசாரித்துவிட்டு வந்தேன். "நடுவுல ஞாயித்துக்கிழமை வருது சார், திங்கக்கிழமதான் போய்ச் சேரும். ஸ்பீட் போஸ்ட்ல போட்டா நாளைக்கே பூடும், போடட்டுமா?" என்று அங்கிருந்த அம்மா கேட்டார்.

அவசரம் ஒன்றும் இல்லை என்றேன்.