காளைகளை விற்றவர்

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு நாள், வடகரப்பதியிலிருந்து கோயமுத்தூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு விவசாயிகள்.

“கெணத்துமேட்டுல கரண்டுக் கம்பம் நட்டாங்க. அன்னைக்கே தண்ணி எறைக்கற காளைக ரெண்டையும் வித்துப்போட்டனுங்க,” என்றார் ஜன்னலோரத்தில் இருந்தவர்.

“கரண்டு வந்துதுங்களா?”

“எங்கீங்க! டிரான்ஸ்பார்மர் சீமையிலிருந்து கப்பல்ல வரோணுமாம். கொடத்துல மொண்டு ஊத்தியே ஊட்டுக்காரிக்கு இடுப்பு போச்சு. மறுபடி காளை வாங்கத்தான் சந்தைக்குப் போறனுங்க.”

“இனிச் சீமைய நம்பி இருக்க வேண்டாமுங்க. போபால்ல சர்க்காரே பெரிய பேக்டரி கட்டுது. டிரான்ஸ்பார்மரெல்லாம் அங்கயே பண்ணுவாங்களாம். எம்பட மருமவன் அதுல வேலைக்குச் சேந்துட்டாரு.”

மாட்டுச் சந்தை வந்தது. கண்டக்டர் இறங்கச் சொன்னார். ஜன்னலோரத்துக்காரர் அசையவில்லை.

“கோயமுத்தூருக்கே டிக்கெட் குடுங்க. மோட்டார் வாங்கோணும்.”